மூன்றாவது குளம்

ஞாயிற்றுக்கிழமை காலை சுங்குவார்சத்திரத்தில் வேன் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே வேல்விழி வாந்தி எடுத்தாள். ஏழு வயதுப் பிள்ளை. சுகப்பிரியா மகளின் வாயைத் துடைத்துவிட்டு, முன் சீட்டில் இருந்தவர் பார்த்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தாள். அவர் சூப்பர்வைசர் ஜீவானந்தம், மகனோடு வந்திருந்தார். சுகப்பிரியாவின் கணவன் நம்பிராஜனை வேலையில் நிரந்தரமாக்கச் சொல்லி மேலே எழுத வேண்டியவர் அவர்தான். மற்றவர்களும் தொழிற்சாலையில் நம்பிராஜனோடு அதே லைனில் வேலை செய்கிறவர்கள், குடும்பத்தோடு.

ஆந்திர எல்லை தாண்டி, காட்டுக்குள் இரண்டு மணி நேரம் நடந்து போக வேண்டிய அருவி. வழியில் இரண்டு குளங்கள். மூன்றாவது குளத்தில்தான் தண்ணீர் விழும். இரண்டாவதைத் தாண்டியதும் பாசி படிந்த ஒரு பாறை நின்றது, இரண்டு ஆள் உயரம். கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். சூப்பர்வைசரின் மகன் விறுவிறுவென்று ஏறிவிட்டான். வேல்விழி பாதியில் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

“இன்னா நம்பி, தென்காசிக்காரன் பொண்ணு இதுக்கே அழுதுகினு கீது?” என்றார் ஜீவானந்தம் மேலிருந்து.

எல்லாரும் சிரித்தார்கள். நம்பிராஜனும் சிரித்தான். பிறகு மகளை இறக்கி ஒரு கல்லில் உட்கார வைத்தான்.

“இங்ஙனயே இரி. சத்தம் கித்தம் கேட்டுச்சு, விட்டுட்டுப் போயிருவேன்.”

“நான் இவகூட இருக்கேங்க,” என்றாள் சுகப்பிரியா.

“பொண்டாட்டி புள்ளய அடக்கத் தெரியாதவன்னு அவரு நெனைக்கவா? ஏறு.”

அவள் ஏறினாள். அவன் சொன்னதற்காக மட்டும் இல்லை. நான்கு வருடமாகத் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் வெந்துகொண்டிருந்தவள். தண்ணீர் விழும் சத்தம் அவளை இழுத்தது. அருவிக்கு அடியில் நின்றபோது வாய்விட்டுச் சிரித்தாள். போட்டோ எடுத்தார்கள். கொஞ்ச நேரம் மகளை மறந்தும்போனாள்.

பத்து நிமிடம் என்று போனவர்கள் திரும்ப ஒன்றரை மணி நேரமானது. கல் காலியாக இருந்தது.

பாறையின் அடியில், வேறு கூட்டத்தோடு வந்திருந்த ஒரு பெண் வேல்விழியை மடியில் வைத்திருந்தாள். பிள்ளை தானாக ஏறப் பார்த்து விழுந்திருக்கிறாள். இடது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அதைத் துப்பட்டாவால் கட்டியிருந்தார்கள்.

“எவ்ளோ நேரமா கெடந்துச்சோ. கவுனு துணிய கடிச்சுகினு கெடக்குது, வாயே தொறக்கல,” என்றாள் அந்தப் பெண். “நீங்கதான் பெத்தவங்களா?”

சுகப்பிரியா கைகளை நீட்டினாள். பிள்ளை நல்ல கையால் அந்தப் பெண்ணின் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். லைன் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம்பிராஜனின் முகம் கறுத்தது. “ஏட்டி, நாடகம் போடாத. அம்மாட்ட போ.”

வேல்விழி உடனே கையை எடுத்தாள். மடியிலிருந்து இறங்கி, ஒடிந்த கையை மறு கையால் தாங்கியபடி வந்து அம்மாவின் முன்னால் நின்றாள். தூக்கியபோதும் அழவில்லை.

“வலிக்குதாட்டி?” என்று இறங்கும் வழியெல்லாம் சுகப்பிரியா கேட்டுக்கொண்டே வந்தாள்.

“இல்லம்மா.”

“அம்மா மேல கோவமா?”

“இல்லம்மா,” என்றாள் வேல்விழி, டீச்சருக்குப் பதில் சொல்வதைப் போல.