இரண்டாம் எதிரி

ஆசுபத்திரி வார்ட்டுக்கு முன்னால் இருந்த நீண்ட நடைபாதையை விமலேஸ்வரி பின்பக்கமாக நடந்தபடியே துடைத்துக்கொண்டு வந்தாள். முன்பக்கமாக நடந்தால் துடைத்த இடத்தில் அவளுடைய கால்தடமே விழுந்துவிடும். இடது கை முழங்கையோடு மடங்கியபடி நிற்கும், முழுதாக நீளாது. அதனால் மொப்பின் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலது கையால் தள்ளுவாள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது விநோதமாகத்தான் இருக்கும். ஆனாலும் அவள் துடைத்த நிலத்தில் குறை கண்டுபிடிக்க இதுவரை எந்தத் தாதிக்கும் முடிந்ததில்லை.

சுப்பவைசர் சதீஸ் ஈரம் காயாத நிலத்தில் சப்பாத்தோடு நடந்து வந்தான். அவனுக்கு அது கண்ணில் படுவதேயில்லை.

"அக்கா, இந்த மாசத்தோட எங்கட கொம்பனியின்ர கொந்தராத்து முடியுது. வேற கொம்பனி வருது. இருக்கிற ஆக்களையே எடுப்பினமாம். ஆனா எல்லாரும் பொலிஸ் றிப்போட் குடுக்கோணும்."

"அதென்ன தம்பி றிப்போட்?"

"உங்கட பேரில வழக்குக் கிழக்கு ஒண்டுமில்லை எண்டு பொலிஸ் எழுதித் தாறது. மாசம் முடிய முந்தி வேணும். இல்லாட்டி எடுக்கமாட்டினம்."

இவ்வளவுதானா என்று விமலேஸ்வரிக்கு மனம் லேசாகிவிட்டது. அவள் களவெடுத்தாளா, கசிப்புச் சாராயம் காய்ச்சினாளா? தர்மபுரத்தில் அவளும் மகள் ரஜிதாவும் இருக்கிற வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான். இது போனால் தோட்டங்களில் கச்சான் கடலை பிடுங்கத்தான் போகவேண்டும். நீளாத கைக்காரியைக் கச்சான் பிடுங்கவும் யாரும் கூப்பிடமாட்டார்கள். அதெல்லாம் நடக்காது, ஒரு கடதாசிதானே என்று நினைத்துக்கொண்டு, சதீஸின் சப்பாத்துத் தடங்களை மறுபடி துடைத்தாள்.

பொலிசில் அவளுடைய அடையாள அட்டையை வாங்கியது சுதர்சினி என்கிற கான்ஸ்டபிள். தமிழ்ப் பிள்ளை, முகத்தைப் பார்த்துத்தான் கதைத்தாள். உள்ளே போய் வந்தவளின் முகம் மாறியிருந்தது.

"செல்வராசா விமலேஸ்வரி, நீங்கள்தானே? உங்கட பேர் ஒரு வழக்கில கிடக்கு அம்மா. நாவலடிக்குளம் பொலிஸ்."

"அது என்ர பேரில இருந்த வழக்கில்லை மிஸ். நான் போட்ட வழக்கு. என்ர மனுசன் கையை முறிச்சுப்போட்டான், அதுக்கு நான் போய் முறைப்பாடு குடுத்தனான்."

"நீங்கள் போட்டதோ, உங்களில போட்டதோ எண்டு இதில இல்லை. பேர் மட்டும்தான் கிடக்கு. வழக்கு என்ன மாதிரி முடிஞ்சதெண்டு கோட்டில பிரதி எடுத்துக்கொண்டு வாங்கோ. அது இல்லாமல் நான் றிப்போட் எழுதேலாது."

"நான்தானே அடி வாங்கினது மிஸ்?"

"அப்ப என்னத்துக்குப் பயம்? பிரதியில அது இருக்கும்தானே."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் வேலைக்கு நடுவில் தேத்தண்ணி குடிக்கும்போது ஸாலிஹாவிடம் சொன்னாள். ஸாலிஹா அவளோடு வேலை செய்கிறவள், வயதில் மூத்தவள். குடும்பத்தோடு புத்தளத்தில் அகதியாகக் கிடந்துவிட்டு முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்தவள். கடதாசிகளுக்காகக் கந்தோர் வாசல்களில் நின்ற அனுபவம் அவளுக்கு நிறைய.

"முறைப்பாடு குடுத்தவளிட்டயே வழக்கிருக்கெண்டா, ஆசுபத்திரிக்கு வாற நோயாளியளை எல்லாம் டொக்டர் எண்டுதான் சொல்லோணும்" என்றாள் ஸாலிஹா. "நீ போ புள்ள. உன்ர வார்ட்டையும் நான் துடைக்கிறன்."

நீதிமன்றத்தில் பழைய வழக்குகள் இருக்கிற அறைக்கு ஒரு சின்ன யன்னல். யன்னலுக்கு உள்ளே செந்தூரன் என்ற எழுதுவினைஞர். பொறுமையான பொடியன்.

"வழக்கு இலக்கம் என்னம்மா?"

"தெரியாது தம்பி."

"எந்த வருசம்?"

"மகள் அஞ்சாம் வகுப்புச் சோதனை எடுத்த வருசம்."

செந்தூரன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அது எங்கட புத்தகத்தில இல்லையே அம்மா. முறைப்பாடு குடுத்த பொலிசில போய் இலக்கம் எடுத்துக்கொண்டு வாங்கோ."

நாவலடிக்குளம் பொலிசில், வழக்கு இலக்கம் கோட்டில்தானே இருக்கும் என்றார்கள். திரும்பி வந்தாள். பொலிசில்தான் எடுக்கவேண்டும் என்று செந்தூரன் மறுபடி சொன்னான். மறுபடி போனாள். இப்படி இரண்டு வாசலுக்கும் நடுவில் பந்து மாதிரி உருண்டு, பிறகு ஒரு வயதான சார்ஜன் இரக்கப்பட்டு ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி, சின்னத் துண்டில் இலக்கங்களை எழுதிக் கொடுத்தார். ஒன்று அவள் முறைப்பாடு கொடுத்த இலக்கமாம். ஒன்று கோட்டுக்கு அறிக்கை அனுப்பின இலக்கமாம். மற்றது வழக்கு இலக்கமாம். எது எது என்று அவர் சொன்னபோது தலையை ஆட்டினாள். பஸ்ஸில் ஏறி இருந்து துண்டைப் பார்த்தபோது ஒன்றும் நினைவில் இல்லை. ஒரு கை முறிந்ததற்கு ஏன் இத்தனை இலக்கம் என்றும் விளங்கவில்லை.

அடுத்த முறை ஸாலிஹாவும் கூட வந்தாள். "நீ வாயைத் திறக்கமாட்டாய், நான் கதைக்கிறன்" என்று லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். விண்ணப்பத்தில், இந்த வழக்கில் நீங்கள் யார் என்று கேட்டு வெற்றிடம் விட்டிருந்தது. விமலேஸ்வரி யோசிக்கவில்லை. 'வழக்காளி' என்று வடிவாக எழுதி யன்னலுக்குள் நீட்டிவிட்டு விறாந்தையில் கிடந்த வாங்குப் பலகையில் வந்து இருந்தாள்.

மத்தியானம் கடந்து செந்தூரன் யன்னலால் கையைக் காட்டிக் கூப்பிட்டான். அவன் முன்னால் ஒரு பழைய வழக்குக் கோவை விரிந்து கிடந்தது.

"அம்மா, இதில வழக்காளி நீங்கள் இல்லை. பொலிஸ் பொறுப்பதிகாரி."

"முறைப்பாடு குடுத்தது நான்தானே தம்பி?"

"குடுத்தது நீங்களா இருக்கலாம். வழக்குப் போட்டது பொலிஸ்."

"அப்ப நான் ஆர்?"

செந்தூரன் கோவையைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு விரலை வைத்து வாசித்தான். "முதலாம் எதிரி, செல்வராசா. இரண்டாம் எதிரி, செல்வராசா விமலேஸ்வரி. ரெண்டு பேரும் றோட்டில சண்டை பிடிச்சுச் சமாதானத்தைக் குலைச்சதெண்டு போட்டிருக்கு."

"றோட்டுக்கு நான் ஓடி வந்தது அவன் அடிச்சதால தம்பி."

"அது இதில இல்லையம்மா."

"எதிரியெண்டா?" என்று ஸாலிஹா இடையில் புகுந்தாள். "புருசனும் பெண்சாதியும் எதிரியெண்டா, அது ஊரில பாதிப் பேருக்குப் பொருந்தும்."

"அப்பிடி இல்லை அக்கா. கோட்டில எதிரியெண்டா குற்றம் சாட்டப்பட்ட ஆள்."

விமலேஸ்வரி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். செந்தூரன் தாளைப் புரட்டி, குரலைத் தாழ்த்தி அடுத்ததையும் வாசித்தான். இரண்டாம் எதிரி குற்றத்தை ஏற்றுக்கொள்கிறார். கடுமையாக எச்சரிக்கப்பட்டு நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கப்படுகிறார்.

"நான் எதை ஏற்றுக்கொண்டனான்?"

கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கோட்டில் நின்ற அந்தக் காலைப்பொழுது நினைவுக்கு வந்தது. முறிந்த கைக்குப் பத்துக் கட்டிப் போட்டிருந்தது. முதல் நாள் இரவும் நித்திரை இல்லை. மேலே மின்விசிறி பெரிய சத்தத்தோடு சுற்றியது. அந்தப் பக்கத்தில் புருசன் செல்வராசா வெள்ளைச் சேட்டோடும் ஒரு சட்டத்தரணியோடும் நின்றான். பெயர் கூப்பிடுகிறவர் மளமளவென்று எதையோ வாசித்துவிட்டு அவளைப் பார்த்து, "ரெண்டாம் எதிரி, ஏற்றுக்கொள்ளுறீரோ?" என்று கேட்டார். அவள் காதில் தெளிவாக விழுந்தது எதிரி என்ற சொல் ஒன்றுதான். இந்த மனுசன் இனி உனக்கு எதிரிதானே, அதை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்கிறார் என்று நினைத்தாள். இத்தனை வருசத்தில் அவளிடம் யாரும் அப்படி நேரே கேட்டதில்லை. அழுகை வந்தது. "ஓம் ஐயா, எதிரிதான். இனி ஒண்டா இருக்கேலாது" என்றாள். யாரோ சிரித்தார்கள். ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். முடிந்தது, போகலாம் என்றார்கள்.

அன்றைக்கு நீதிமன்றம் தன்னை நம்பிவிட்டது என்று எவ்வளவு சந்தோசப்பட்டாள்! வழியில் இறங்கி மகளுக்குக் கேக் கூட வாங்கிக்கொண்டு போனாள்.

"அந்த மனுசனுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

"முதலாம் எதிரி மறுத்திருக்கிறார். விசாரிக்கிறதுக்கு விளக்கத் தவணை போட்டிருக்கினம். சாட்சி தவணைக்கு வரேல்லை. பிறகும் வரேல்லை. அதால விடுதலை."

"சாட்சி ஆர்?"

செந்தூரன் மறுபடி வாசித்துப் பார்த்தான். தப்பாக வாசித்துவிட்டோமோ என்று அவனுக்கே சந்தேகம். "நீங்கள்தான் அம்மா."

"எதிரியும் நான், சாட்சியும் நானோ?"

"அப்பிடித்தான் கிடக்கு."

"எனக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லையே தம்பி. நான் மகளோட தர்மபுரத்துக்கு வந்திட்டன்."

"அழைப்பாணை நாவலடிக்குளத்து விலாசத்துக்குத்தான் போயிருக்கு. வீட்டுக்காரர் கையெழுத்து வைச்சு வாங்கியிருக்கிறார்." அவன் கோவையை அவள் பக்கம் திருப்பினான். செல்வராசாவின் கையெழுத்தை விமலேஸ்வரிக்குத் தெரியும். கடைசி எழுத்தின் வாலை நீட்டி இழுத்துவிட்டிருந்தான்.

ஸாலிஹா அல்லாவைக் கூப்பிட்டாள். விமலேஸ்வரிக்கு உடனே கோபம் வரவில்லை. கணக்கில் எங்கேயோ பிழைத்துவிட்ட பிள்ளை மாதிரி, அடித்தது ஆர், அழுதது ஆர், ஓடினது ஆர் என்று முதலில் இருந்து எண்ணிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது. முடிவு மட்டும் மாறி வந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும் யார் மேல் என்று தெரியாத கோபம்.

"இதைத் திருத்தேலாதோ தம்பி?"

"நான் திருத்தேலாது. மேல் கோட்டுக்குச் சட்டத்தரணி வைச்சுப் போகோணும். இவ்வளவு காலம் போன பிறகு அங்கயும் என்ன சொல்லுவினமோ தெரியாது."

"பிரதி இல்லாமல் றிப்போட் தரமாட்டினம்."

"ஓம்."

"பிரதியோட போனா?"

"வழக்கு முடிஞ்சதெண்டு எழுதுவினம். குற்றத்தை ஏற்றுக்கொண்டதெண்டும் எழுதுவினம்." புதிய விண்ணப்பம் ஒன்றை அவன் யன்னலுக்கு வெளியே வைத்தான். "வழக்காளியெண்டு எழுதினா நான் தரேலாது அம்மா. எதிரியெண்டு எழுதித் தாங்கோ, இண்டைக்கே எடுத்துத் தாறன்."

"எழுதாத புள்ள" என்றாள் ஸாலிஹா. "ஒருக்கா வாயால சொன்னது காணாதோ? உன்ர கையாலயும் எழுதிக் குடுக்கப் போறியோ?"

"எழுதாட்டி வேலை இல்லை."

"எழுதினா மட்டும்?"

விமலேஸ்வரி விண்ணப்பத்தைக் கையில் எடுத்தாள். புதிய கொம்பனிக்காரர் இரக்கப்படலாம். முழுதாக வாசிக்காமலும் விடலாம். கையைக் காட்டினால் அவர்களுக்கு விளங்கும் என்று ஒருக்கால் தோன்றியது. கையைக் கண்டால், இந்தக் கையோடு என்ன வேலை செய்வாள் என்ற யோசனையும் வரும் என்று மறுகணமே பயமாகவும் இருந்தது. கடதாசி ஒன்றுமில்லாமல் போய் நிற்பதைவிட ஏதோ ஒரு கடதாசியோடு போய் நிற்பது நல்லது என்று பட்டது. விண்ணப்பத்தைச் சுவரில் வைத்து, மடங்கின கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, 'இரண்டாம் எதிரி' என்று எழுதினாள். எழுதும்போது எழுத்துப் பிழை வந்துவிடக்கூடாது என்ற கவனம்தான் இருந்தது.

ஸாலிஹா கோபத்தில் அசர் தொழுகிறேன் என்று பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டாள். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வாங்கில் இருந்த விமலேஸ்வரிக்குப் பக்கத்தில் பட்டுப் போன்ற சாரி கட்டிய ஒரு பெண் வந்து இருந்தாள். காணி வழக்காம், வவுனியாவில் இருந்து வருகிறாளாம். எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று கேட்டாள். ரஜிதா உயர்தர வகுப்புப் படிக்கிறாள் என்றதும், கெட்டிக்காரி, படிப்பியுங்கோ என்றாள். கொஞ்சநேரம் கதைத்துவிட்டு எழும்பினாள்.

"அக்கா, இந்தக் கைப்பையை ஒருக்கால் வைச்சிருங்கோ. காசும் காணி உறுதியும் கிடக்கு. முகம் கழுவிக்கொண்டு ஓடியாறன்."

விமலேஸ்வரி பையை வாங்கி மடியில் வைத்து வலது கையால் அணைத்துக்கொண்டாள். அந்தப் பெண் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, காரியாலயப் பியோன் ஒரு கட்டுக் கடதாசியோடு விறாந்தைக்கு வந்தான். மேலே இருந்ததைப் பார்த்து, அங்கே இருந்த எல்லாருக்கும் கேட்கக் கூப்பிட்டான்.

"இரண்டாம் எதிரி, செல்வராசா விமலேஸ்வரி!"

விறாந்தையில் இருந்த தலைகள் திரும்பின. விமலேஸ்வரி எழும்பி, "ஓம் ஐயா, நான்தான்" என்றாள்.

குழாயடியில் இருந்த பெண் முகத்தைத் துடைக்காமலே வேகமாக வந்தாள். பையை விமலேஸ்வரியின் கையில் இருந்து எடுத்தாள். இரண்டடி தள்ளிப் போய் நின்று, தண்ணீர் சொட்டுகிற விரல்களால் பையின் சிப்பை இழுத்துத் திறந்து, உள்ளே இருந்த காசை எண்ணத் தொடங்கினாள்.