வெள்ளை வண்டிக்கு அடியில்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மற்ற கதைகளுக்கெல்லாம் டீக்கடையில் காதில் விழுந்த பேச்சு, கப்பலில் வந்த கடிதம் என்று கௌரவமாக ஏதாவது ஒரு பூர்வீகம் சொல்லியிருக்கிறேன். இதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு பெண் என் இடத்தில் உட்கார்ந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய் இப்போது க்யிம்யிண்டைங் படகுத்துறை ஓரமாக நான்கு சக்கரத்தில் நிற்கிறது.

எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு நாள் தடுமாறினேன். எழுதி அடித்தவை இவை:

(அ) இரண்டாயிரத்து நான்காம் வருடம் ஜனவரி மாதம், யாங்கோனில் பழைய வண்டிகள் விற்கும் இடத்தில் தனசேகரன் என்பவன்

[தனசேகரன் யார்? நான்தான். வேறொருவனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். பெயரை மாற்றி, மதத்தை மாற்றி, மீசை வைத்துப் பார்த்தும் அவன் என்னைப் போலவே திருட்டு முழி முழித்தான். அனுப்பிவிட்டேன்.]

(ஆ) ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு போகும் வண்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்றால்

[இது கட்டுரை. கொஞ்சம் தேவைப்படும். பிறகு வருகிறேன்.]

(இ) பாசில் என்னை நம்பினான்.

[இது போதும்.]

2

பாசில் என்னை நம்பினான். மாவ்பியிலிருந்து க்யிம்யிண்டைங் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் லாரியைப் பதினொரு வருடம் அவன் ஓட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சும்மா உட்காரவில்லை. எங்கள் ஊரில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம். வண்டிகளோ ஜப்பானிலிருந்து வந்தவை, ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். முன்னால் ஒரு பஸ் போனால் அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவன்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நான் "இரு" என்றால் பாசில் இருப்பான். "போ" என்றால் போவான். பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட அவன் தலையைத் திருப்பிச் சரிபார்த்ததில்லை. உலகத்தில் வேறு யாரும் என் வார்த்தையை அப்படி எடுத்துக்கொண்டது கிடையாது. என் பெண்டாட்டி இருந்தவரையில் நான் மழை பெய்கிறது என்று சொன்னால் ஜன்னலைத் திறந்து பார்ப்பாள்.*

* அவள் போய் ஆறு வருடமாகிறது. அவளைப் பற்றித் தனிக் கதை எழுத வேண்டும். இது அதுவல்ல.

போன வருடம் முதலாளி லாரியை விற்றுவிட்டார். பாசிலும் அவன் மனைவி அப்ஸானாவும் புத்தர் கோயில் திருவிழாக்களில் பலாத்தா, அதாவது பரோட்டாக் கடை போட ஆரம்பித்தார்கள். சீசன் முழுக்க ஊர் ஊராகப் போகிற பிழைப்பு. போன சீசனில் யாருடைய லாரிக்கோ அடியில் பாய் விரித்துப் படுத்ததில் அப்ஸானாவுக்கு மலேரியா வந்து, பிழைத்ததே பெரிய காரியம். அதற்குப் பிறகுதான் பாசில் ஒரு வீட்டுவண்டியைப் பிடித்தான். எண்ணெய்க் கிணறு தோண்ட வந்த வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போனது. இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு தகரப் பெட்டி. உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, கொசுவலை அடித்த ஜன்னல்.†

† இரவு தங்க வருகிற விருந்தாளியை வார்டு ஆபீஸில் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். வீடே விருந்தாளியாக வந்தால் எங்கே எழுதிக்கொடுப்பது என்று பாசிலைக் கேட்டேன். சிரித்தான். அப்போதெல்லாம் நான் நல்லவன்.

பெட்டி வந்துவிட்டது. இழுக்க ஒரு வண்டி வேண்டும்.

"நானா, நீங்க வந்து பாத்து சொல்லுங்க. நீங்க சரின்னா சரி," என்றான். எங்களில் அண்ணனை நானா என்போம்.

3

இங்கே அந்தக் கட்டுரை.

வண்டி வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் முன்மூடியைத் திறந்து இன்ஜினைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். வீட்டை இழுக்கிற வண்டிக்கு இன்ஜின் மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, பின்னாலிருந்து ஒன்றரை டன் தள்ளும்போது அந்த வண்டி நிற்குமா என்பது. அதற்கு வண்டிக்கே கனம் வேண்டும். இரண்டாவது கேள்வி, கொக்கி மாட்டுகிற இடத்தில் சேஸ், அதாவது அடிச்சட்டம், முழுசாக இருக்கிறதா.

இந்த இரண்டாவது கேள்வியை எங்கள் ஊரில் கட்டாயம் கேட்க வேண்டும். முழு வண்டியாகக் கொண்டுவர வழியில்லாதவர்கள் இரண்டு துண்டாக வெட்டி எல்லை தாண்டி எடுத்துவந்து இங்கே ஒட்டிவிடுவார்கள். ஒட்டின இடத்தில் தார் பூசிவிட்டால் எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட வண்டியில் முட்டைக்கோஸ் ஏற்றலாம், கல்யாணத்துக்குப் போகலாம். பின்னால் எதையும் கட்டி இழுக்கக் கூடாது. இழுத்தால் ஏதாவது ஒரு மலை இறக்கத்தில் தையல் பிரியும்.

[கம்பெனிப் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. குற்றம் கம்பெனியுடையது அல்ல.]

4

தரகர் வடிவேல் இரண்டு வண்டி காட்டினார்.

பச்சை வண்டி டீசல். கனமானது, அசிங்கமானது, வலப்பக்க ஸ்டீயரிங். அதை ஓட்டிப் பார்க்கும்போது பின் அச்சின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று நானே போய்ப் பின்பக்கச் சரக்குத் தட்டில் உட்கார்ந்துகொண்டேன். அதனால் கூட வந்திருந்த அப்ஸானா முன்னால் ஏறினாள். இடப்பக்கம்.

இன்செயின் சாலையில் முன்னால் ஒரு பஸ். பின்கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்டது.

"இருங்க," என்றாள் அப்ஸானா. "இருங்க, சைக்கிள் டிரிஷா ஒண்ணு வருது. ம், இப்ப போங்க."

பாசில் போனான். தலையைத் திருப்பவில்லை.

(இந்த இடத்தில் ஒரு உவமை போட வேண்டும் என்று அரை நாள் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம். பொறாமையாக இருந்தது. அவ்வளவுதான்.)

பதினொரு வருடம் ஊறி ஊறி எனக்குக் கிடைத்தது அவளுக்கு முதல் பஸ்ஸிலேயே கிடைத்துவிட்டது. அவள் தப்பாகச் சொல்லியிருக்கலாம். கொஞ்சம் தயங்கியாவது இருக்கலாம். அந்த டிரிஷாவை நான்கூடப் பார்க்கவில்லை.

அடுத்தது வெள்ளை வண்டி. பெட்ரோல், பளபளப்பு, இடப்பக்க ஸ்டீயரிங். ஓட்டுகிறவனே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம், பக்கத்தில் ஆள் வேண்டியதில்லை. பாசிலுக்கு முதுகுவலி, குனிய முடியாது. நான்தான் அடியில் போனேன். பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் புதுத் தார். சாவியால் சுரண்டினேன். ரவிக்கையின் மடிப்புத் தையல் மாதிரி, ஒரு விரல் கனத்தில், பற்றவைத்த கோடு. இரண்டு பக்கமும்.

மல்லாந்து படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். அந்தப் பக்கம் மூன்று ஜோடிச் செருப்புகள் தெரிந்தன. வடிவேலுடையது நகர்ந்துகொண்டே இருந்தது.

"எப்படி நானா?" என்றான் பாசில்.

"சுத்தமா இருக்கு," என்றேன்.

வடிவேலின் முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது. ஆனால் தொழில் தெரிந்தவர், உடனே என்னைக் காட்டினார். "ரவூப் பாய் சொன்னா அப்புறம் என்ன பாக்குறது. கௌந்தெ, நல்ல வண்டி," என்றார் பர்மியமும் தமிழுமாக.

"பச்சை கனமா இருந்துச்சே நானா," என்றாள் அப்ஸானா. "பெட்டிய மாட்டினா அதான் நிக்கும்னு தோணுது."

கட்டுரையின் முதல் கேள்வி. அதை அவள் கேட்டுவிட்டாள்.

"தங்கச்சி, இது மாவு பெசையுற வேலை இல்ல," என்று சிரித்தேன். பிறகு பாசிலிடம், "வெள்ளையவே எடு. நீயே பாத்து நீயே ஏறிப் போயிக்கலாம். யாரையும் கேட்டுக்கிட்டு இருக்க வேணாம்," என்றேன்.

சாகட்டும் என்று நினைக்கவில்லை, இதை நம்புங்கள். அந்த இருக்கையே இல்லாமல் போகட்டும் என்றுதான் நினைத்தேன். எனக்கு இல்லாதது அவளுக்கும் வேண்டாம். தார், தையல், மலை இறக்கம் எல்லாம் வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இல்லை. படுத்திருக்கும்போதே ஞாபகம் இருந்தது. அதைப் பின்னால் தள்ளிவைத்தேன்.

5

அப்ஸானா என்ற பாத்திரத்தைப் பற்றி.

முதல் பிரதியில் அவளை ஆசைக்காரியாக எழுதினேன். புருஷனை நச்சரித்து வண்டி வாங்க வைக்கிறவள். இரண்டாவது பிரதியில் கீச்சுக்குரல் கொடுத்தேன். அதிலேயே மூன்றாம் பக்கத்தில் மாறுகண்ணும் வைத்திருந்தேன். வாசித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகப் போயிற்று. சாலையில் என்னைவிட நன்றாகப் பார்த்த ஒருத்திக்கு வேறென்ன குறை வைக்கத் தோன்றும்?

நிஜத்தில் அவளுக்கு இருபத்தாறு வயது. கையில் எப்போதும் மாவு வாசனை. மலேரியாவில் முடி கொட்டி, இப்போதுதான் வளர்கிறது. என்னை நானா என்று கூப்பிடுவாள், சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள். இப்படி எழுதினால் கதையில் எனக்குச் சாதகமாக ஒன்றுமே மிஞ்சவில்லை என்பது தெரிகிறது. இருந்தாலும் இப்படியே விடுகிறேன்.

6

முடிவுகள்.

முதல் முடிவு. வெள்ளை வண்டி மாவ்பி தாண்டுவதற்குள் சமதரையிலேயே சேஸ் விட்டுவிடுகிறது. பெட்டி மெல்ல வயலில் இறங்கி நிற்கிறது. யாருக்கும் அடியில்லை. [யாருக்காக இப்படி எழுதினேன்? எனக்காகத்தான்.]

இரண்டாம் முடிவு. அவர்கள் முதலில் போவது ஷ்வேசெட்டோ திருவிழாவுக்கு. மின்பூ தாண்டினால் மலைப்பாதை. இறக்கத்தில் பாசில் பிரேக்கை மிதிக்கிறான், பின்னாலிருந்து பெட்டி தள்ளுகிறது, தையல் விட்டு, வண்டியின் வால்பகுதி கொக்கியோடு அப்படியே, அப்ஸானா கையை

[இதை முடிக்கவில்லை.]

மூன்றாம் முடிவு. நான் போய் உண்மையைச் சொல்கிறேன். பாசில் என்னைக் கட்டிக்கொள்கிறான். இதை எழுதியபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அதனாலேயே இதன் மேல் சந்தேகம் வந்தது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் நேற்று, புதன்கிழமை, படகுத்துறைக்குப் போனேன். பாசில் வெள்ளை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கொக்கி மாட்டியாகிவிட்டது. சரியாக அந்தத் தாரின் மேல் நான்கு போல்ட்.

"பாசில், ஒரு விஷயம்," என்றேன்.

"நானும் ஒண்ணு சொல்லணும் நானா." துணியை உதறினான். "பச்சை வண்டி எடுத்திருந்தா ஒங்களத்தான் கூப்புட்டிருப்பேன். சீசன் பூரா மூணு பேருமா போயிருக்கலாம். நானா வந்தா நான் நடுவுல ஒக்காந்துக்கிறேன்னு அப்ஸானாகூடச் சொன்னா. நீங்கதான் ஆளே வேணாம்னு வெள்ளைய எடுக்கச் சொல்லிட்டீங்க. சரி, நானாவுக்கு ரோட்டுல அலைஞ்சது போதும்னு இருக்கு போலன்னு விட்டுட்டேன்."

வாசகரே, இதை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்கிற அளவுக்கு எனக்குத் திறமை இருந்திருந்தால் அந்த வண்டிக்கு அடியில் போயிருக்கவே மாட்டேன்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே," என்றான்.

"டயர்ல காத்தைப் பாத்துக்கோ," என்றேன்.

திரும்பி நடந்து வரும்போது யார் மேல் கோபப்படுவது என்று தேடினேன். வடிவேல் மேல் கொஞ்சம் பட்டேன். அப்ஸானா மேல் பட முடியவில்லை. நடுவில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொன்னவள் மேல் என்னவென்று கோபப்படுவது? அந்த இடம் காலியாகத்தான் இருந்திருக்கிறது. அடியில் படுத்துக்கொண்டு நானேதான் அதை ஒழித்தேன்.

7

வாசகரே வாசகரே என்று இவ்வளவு நேரம் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறவன் மாதிரி பேசிவிட்டேன். கூட்டம் கிடையாது. என் கதைகள் அச்சானதில்லை, நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. பாசிலுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பர்மிய எழுத்துதான் தெரியும். இந்த வட்டாரத்தில் நான் எழுதுவதை வாசிக்கிற ஆள் ஒன்றே ஒன்று. அவளுடைய வாப்பா அவளுக்கு மதரஸாவில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வருடமாக என் நோட்டுகளை வாங்கிப் போய்ப் படித்துவிட்டு, "எல்லாரும் ஒங்கள மாதிரியே பேசுறாங்க நானா," என்று சொல்லித் திருப்பிக்கொடுக்கிறவள்.

அப்ஸானா, நீதான்.

இந்த நோட்டை இன்று மதியம் வழக்கம்போல உன் கையில் கொடுப்பேன். வழக்கம்போல வழியில் படிக்கலாம் என்று பையில் வைத்துவிடாதே. நாளைக் காலை சுபுஹு தொழுததும் கிளம்புகிறீர்கள் என்று தெரியும். அதற்குள் படி. மாறுகண் விஷயத்தை மன்னித்துவிடு. கொக்கியைக் கழற்றித் தாரைச் சுரண்டினால் நான் சொன்னது இருக்கும்.

இதற்கு மேல் என்ன நடக்கும் என்பதை நான் எழுத மாட்டேன். எழுத உரிமையில்லை. நீ இந்த நோட்டை ஆரம்பத்திலிருந்து அவனுக்கு வாசித்துக் காட்டலாம். அவன் இனி என் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். அல்லது எனக்கு இரக்கப்பட்டு, யாரோ மெக்கானிக் சொன்னதாகச் சொல்லி வண்டியை மாற்றலாம். அப்போது நான் அவனுக்கு நானாவாகவே இருப்பேன். ஆனால் அவனிடம் மறைக்கிறவர்கள் இரண்டு பேராகிவிடுவோம், அதில் ஒருத்தி நீ. அதுவும் என்னால்தான் வந்தது என்று ஆகும்.

எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதை நீ செய்தாலும் அவன் உன் பேச்சைத்தான் கேட்பான் என்பதில் எனக்கு இப்போதும், இந்த வரியை எழுதும்போதும், வயிறு எரிகிறது.

நீ அப்புறமாக நிதானமாக யோசித்துக்கொள். முதலில் போய் அவனிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கி வை.