பானட்டைத் திறக்காதே

கல்யாணம் இரண்டு மணிக்கு. தேவாலயம் பதினாறு மைல். பாதிரியாருக்கு மூன்று மணிக்கு இன்னொரு கல்யாணம் இருந்ததால், இரண்டே காலுக்கு மேல் ஒரு நிமிடமும் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஒன்றேகாலுக்குக் கிளம்பினால் போதும் என்றான் ட்வேன். மார்லீன் பன்னிரண்டரைக்கே கிளப்பினாள். முப்பத்தோரு வருஷமாகப் புருஷனோடு அவனுடைய பழைய காரோடும் சேர்த்துக் குடித்தனம் நடத்துகிறவள் அவள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷத்துக் கார். நீலமும் வெள்ளையும். பின் சீட்டில் கல்யாண உடையோடு மகள் கிறிஸ்டா. காலடியில் பூச்செண்டு வைத்த ஐஸ் பெட்டி.

பெட்ரோல் போட நிறுத்தியதும் தொப்பிக்காரர் ஒருவர் வந்தார்.

"எங்க மாமா இதே வண்டி வெச்சிருந்தாரு. வித்துட்டு அழுதாரு."

"எல்லாருக்கும் ஒரு மாமா இருக்காரு, சார். எங்களுக்குக் கல்யாணம் இருக்கு," என்றாள் மார்லீன்.

ஆனால் ட்வேன் அதற்குள் ஆயில் பார்ப்பதாகச் சொல்லி பானட்டைத் தூக்கிவிட்டான். ஒஹாயோவில் பழைய வண்டியின் பானட் திறந்திருந்தால், வாங்க, வந்து பாருங்க என்று அர்த்தம். ஏழு பேர் வந்தார்கள். முப்பத்தைந்து நிமிடம் போயிற்று.

கிளம்பிய நான்காவது மைலில், ஜூலை வெயிலில், வண்டி இருமி நின்றது.

"பெட்ரோல் குழாயிலேயே கொதிச்சு ஆவியாயிடுச்சு. ஆறணும்," என்றான் ட்வேன்.

"எவ்ளோ நேரம்?"

"அதுக்கு எப்பத் தோணுதோ அப்ப."

வேறு வழியில்லை, பானட் திறந்தது. பின்னால் வந்த இரண்டு பிக்கப் வண்டிகள் தாமாகவே ஓரங்கட்டின. குழாயில் துணி காயப்போடும் மரக் கிளிப் மாட்டினால் சூடு இறங்கும் என்றார் ஒருவர்.

"அதெல்லாம் சுத்தக் கதை," என்றார் மற்றவர்.

"எங்கப்பா பதினொண்ணு மாட்டுவாரு!"

"அதான் உங்கப்பா எங்கயும் நேரத்துக்கு வந்ததில்லை."

ட்வேன் இரண்டு பேருக்கும் தலையாட்டினான். மணி ஒன்று நாற்பது.

"கிறிஸ்டா, இவங்க பிக்கப் ஒண்ணுல ஏறு," என்றாள் மார்லீன்.

"மாட்டேம்மா. ஆறு வயசுலேருந்து சொல்லிட்டிருக்கேன், இந்த வண்டியிலதான் போவேன்னு."

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தது! மார்லீன் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். பூச்செண்டை மகள் மடியில் போட்டாள். தன் புது சால்வையில் ஐஸை அள்ளி மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, இரண்டு ஆண்களையும் முழங்கையால் விலக்கி, குழாயின்மேல் அழுத்திப் பிடித்தாள்.

"கொஞ்சம் இடப்பக்கம், மேடம்," என்றார் கிளிப்காரர்.

அவள் பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்வாங்கினார். பதினைந்து நிமிடத்தில் வண்டி உறுமியது.

தேவாலயம் வந்தபோது இரண்டு பத்து. பாதிரியார் கையில் கடிகாரத்தோடு, முகம் கடுகடுக்க, படியிறங்கி வந்தார். மாப்பிள்ளை கர்ட்டிஸ் அவருக்கு முன்னால் ஓடி வந்தான். இருவரும் மணப்பெண்ணைத் தாண்டி வண்டியின் முகப்புக்குப் போய் நின்றார்கள்.

"எட்டு சிலிண்டரா?" என்றார் பாதிரியார், குரல் இளகி.

ட்வேனின் கை பானட்டின் கொக்கியைத் தேடிற்று.

மார்லீன் பட்டு கவுனைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, கொதிக்கும் பானட்டின்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"மார்லீன்! பெயிண்ட்!" என்று அலறினான் ட்வேன்.

"எல்லாரும் உள்ள போங்க. போனாத்தான் எறங்குவேன்."

போனார்கள். பாதிரியார் மட்டும் வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.