பாதி டாங்கி

எழுபத்திரண்டாம் வருஷம் எங்கள் போட்டுக்கு டீசல் டாங்கி மாற்றினேன். பழையது அறுபது லிட்டர். இஞ்சினுக்குப் பக்கத்தில், அடிப்பலகையை ஒட்டி இருந்தது. அதை நம்பி எண்ணூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போகலாம், அவ்வளவுதான். இறாலோ பழவேற்காட்டுக்கு வடக்கே கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

இராயபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த நீலமேகம், இருநூறு லிட்டர் டாங்கி செய்து தர ஒத்துக்கொண்டான். அதை மேல்தளத்தில், பின்பக்கம், குறுக்காக வைக்கப் போகிறேன் என்றதும் அவன் முகம் மாறியது.

“இன்னா வால்டரு, அம்மாம் வெயிட்ட மேல தூக்கி வைக்கிற? கீழ வை. உள்ள ரெண்டு தடுப்புத் தகடு வச்சுத் தர்றேன். இல்லாங்காட்டி பாதி காலியானதும் டீசல் இப்டியும் அப்டியும் ஓடிகினே இருக்கும். ரெண்டு நாளு டைம் குடு.”

கீழே வைத்தால் ஐஸ் போடும் அறை பாதியாகிவிடும். நான் இரண்டு நாள் காத்திருந்தால் இறால் காத்திருக்குமா? கடலைப் பற்றி எனக்கு ஒரு வெல்டர் சொல்வதா என்ற கோபம் வேறு.

“கட்டுமரத்துல வளந்தவன்டா நானு. ஒரு பக்கம் சாஞ்சா மறுபக்கம் ஆளு போயி குந்துனா சரியாப் பூடும்,” என்றேன்.

மறுபக்கம் போய்க் குந்த வேண்டிய ஆள் யேசுதாஸ், என் மனைவி ரோசியின் தம்பி. இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். என் பேச்சைத் தட்டமாட்டான்.

போகும்போது டாங்கி நிறைந்திருந்தது. நான் பாட்டெல்லாம் பாடினேன். திரும்பும்போது, மத்தியானம், எண்ணூருக்கு நேரே வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. அலை பெரிதில்லை. ஆனால் இடது பக்கம் சாய்ந்த போட் நிமிரவில்லை. டீசல் மொத்தமும் அந்தப் பக்கம் போய்த் தகரத்தில் மோதும் சத்தம் கேட்டது. யேசுதாஸ் வலது பக்கம் ஓடினான். அவன் போய்ச் சேர்ந்த நேரம் டீசலும் அங்கே வந்துவிட்டது. அவனோடு சேர்ந்து போட் அந்தப் பக்கம் படுத்தது. கட்டுமரத்தில் வைத்த பாரம் வைத்த இடத்தில் இருக்கும். இது இருக்காது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

‘மாதாவே, மாதாவே’ என்பதைத் தவிர வாயில் எதுவும் வரவில்லை. ஒவ்வொரு சாய்வுக்கும் தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது.

“மாமா, டாங்கிய கடல்ல தள்ளிடலாம்!” என்று கத்தினான் யேசுதாஸ்.

“இஞ்சின் நின்னுபூடும்டா!”

“போட்டு கவுந்தா இஞ்சின வச்சிகினு இன்னா பண்ணுவ?”

டாங்கியைப் பிடித்திருந்த பட்டைகளின் போல்ட்டுகள் வலது ஓரத்தில் இருந்தன. ஸ்பானரோடு அங்கே போய் உட்கார்ந்தான். அந்தப் பக்கம் தாழும்போதெல்லாம் இடுப்புவரை தண்ணீரில் முழுகி எழுந்தான். நான் போயிருக்க வேண்டிய இடம் அது. சுக்கானை விட்டு நகர எனக்குத் தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை.

கடைசி போல்ட் கழன்றதும் டாங்கி சரிந்து கடலில் விழுந்தது. அவனும் கூடவே போனான். போட் நிமிர்ந்தது. இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

“மாமா, கயிறு! கயிறு!”

அவன் கூப்பிடுவது நன்றாகக் கேட்டது. கயிறு என் காலடியில்தான் கிடந்தது. குனிந்து எடுத்து வீச வேண்டும், வேறொன்றுமில்லை. என்னால் முடியவில்லை.

அவனாகவே நீந்தி வந்து, விளிம்பைப் பிடித்து ஏறினான். முழங்கை உரிந்து ரத்தம் வழிந்தது. திட்டுவான், அடிப்பான் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து குந்தினான்.

“கைய எடு மாமா. இஞ்சின் நின்னு எம்மாம் நேரம் ஆவுது.”

எடுக்க வரவில்லை. சுக்கானிலிருந்து என் விரல்களை அவன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தான்.