அவளுக்கு என்னைத் தெரியும்

மெக்கானிக்கைப் பிடிவாதக்காரர் என்றால் போதாது, அவர் அதற்கும் ஒரு படி மேலே. எழுபத்தொன்பது வயது. இரண்டு மூட்டும் தேய்ந்துபோயின, சுகர் வேறு, இடது கண்ணில் புரை. இந்த லட்சணத்தில், மறதி நோய் வந்த மனைவியை நானே பார்த்துக்கொள்வேன் என்று நான்கு வருஷமாக ஒற்றைக் காலில் நிற்கிறார். நிற்க இரண்டு காலே சரியில்லாத மனுஷர்!

மனைவி கணக்கு டீச்சராக இருந்தவள். தெருவுக்கே அவள் டீச்சர்தான். இப்போது மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, அவர் திரும்பினதும் தலையணை உறைக்குள் துப்புவாள். குளிக்க வா என்றால் அடிப்பாள். சாயங்காலமானால் வீட்டுக்குப் போகணும் என்று சொந்த வீட்டுக் கதவையே தட்டுவாள். மகனிடம் அவர் மூச்சு விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டே வந்தார்.

போன மாதம் டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். நாற்பது வருஷம் லிப்ட் பழுது பார்த்து, ஊரையே மாடிக்கு ஏற்றி இறக்கினவர், ஒருத்தியைத் தரையிலிருந்து தூக்க முடியாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கினதோடு நிற்காமல் மகனுக்கும் போன் போட்டுவிட்டார்.

மகன் கெட்டவனில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எந்நேரமும் ஆள் இருக்கிற முதியோர் இல்லம் ஒன்றைத் தேடிப் பிடித்தான். ஆனால் மறதிக்காரர்கள் பகுதியில் அவர்களோடு சொந்தக்காரர் யாரும் தங்கக் கூடாதாம். மெக்கானிக் குதித்தார்.

"அவளுக்கு என்னைத் தெரியும்டா. இன்னிக்கும் 'என்னங்க'ன்னுதான் கூப்பிடறா. வேற யாரை அப்படிக் கூப்பிடறா, சொல்லு?"

"தெரியற வரைக்கும் வீட்டுலயே இருக்கட்டும்ப்பா. தெரியாம போற அன்னிக்கு நான் சொல்றதக் கேக்கணும். சரியா?"

சரி என்று வாக்குக் கொடுத்தார். எதற்கும் இல்லத்து டாக்டர் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவானது.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைப் பார்க்க வேண்டுமே. டாக்டர் என்னென்ன கேட்பார் என்று விசாரித்து வந்து, பத்து நாள் டீச்சருக்கே பாடம் எடுத்தார். என்ன வருஷம், என்ன மாசம், எத்தனை பிள்ளைகள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தால் என்ன வரும். கழித்தலில் மட்டும் அவள்தான் அவரைத் திருத்தினாள். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

டாக்டர் அறையில் டீச்சர் வெளுத்து வாங்கிவிட்டாள். வருஷம் சரி. மாசம் சரி. ஒரே பையன், அதுவும் சரி. கழித்தலில் டாக்டரே கொஞ்சம் திணறினார். மெக்கானிக் மகனைப் பார்த்து, எப்படி என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

அப்போது எடை பார்க்கக் கூட்டிப்போக உதவியாளர் ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான ஆள். அவரைப் பார்த்ததும் டீச்சரின் முகம் மலர்ந்தது. எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, வர இவ்வளவு நேரமா? வாங்க, வீட்டுக்குப் போலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி மெக்கானிக்கைக் காட்டினாள். "இந்தப் பெரியவர் நல்லவர்தான், பாவம். ஆனா என்னை வீட்டுக்கே விடமாட்டேங்கறார்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். மகன் வாக்கை ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்த வேண்டிய அவசியமும் இல்லை. ஐம்பத்திரண்டு வருஷக் குடித்தனம். இத்தனை நாளும் அவள் கூப்பிட்டது, எப்போதோ அவராக இருந்த ஒரு வாலிபனை. அந்த வாலிபன்மேல் அவருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

உதவியாளர் சங்கடத்தோடு கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார்.

"விட்டுடாதீங்க தம்பி," என்றார் மெக்கானிக். "அப்படியே பிடிச்சுக்கிட்டு உள்ள கூட்டிட்டுப் போங்க. நீங்கன்னா அழாம வருவா."

மகன் சேர்க்கைப் படிவத்தை வாங்கிக்கொண்டான். டீச்சர் ஏதோ பேசிச் சிரித்தபடி உதவியாளரோடு நடந்தாள். மெக்கானிக் அவளுடைய மருந்துப் பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தால் பயந்துவிடப் போகிறாளே என்று, பத்தடி தள்ளியே பின்னால் போனார்.