காலையில் அணையும் என்ஜின்

கார் மாலையில் நன்றாக இருந்தது. காலையில் மட்டும் அணைந்தது.

சாவியைத் திருப்பினால் என்ஜின் உறுமிப் பிடிக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் குலுங்கி நின்றுவிடும். அலாவுதீன் மறுபடி கிளப்பி, மிதித்த கால் மிதித்தபடியே ஆமத்தூரிலிருந்து வெளியே ஓட்டிக்கொண்டு போவார். சாத்தூர் வரை போய்த் திரும்புவதற்குள் அதே என்ஜின், யாரும் மிதிக்காமலே சீராக ஓடும். மறுநாள் காலை பழையபடி.

பிளக்குகளை மாற்றிப் பார்த்தார். பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். குளிராக இருக்குமோ என்றால், இது சித்திரை மாதம். இங்கிலாந்தின் பனியில் ஒரே திருப்பில் கிளம்பிய கார் அது.

அது அவருடைய மனைவி சுலைகா ஆசைப்பட்டு வாங்கியது. இத்தாலியில் செய்த கார், இரண்டே இருக்கை, என்ஜின் முதுகுக்குப் பின்னால். சுலைகா இங்கிலாந்தில் பல் மருத்துவராக இருந்தாள். ஊருக்குத் திரும்பும்போது இதையும் கொண்டுபோக வேண்டும், நம் ஊர் ரோட்டில் நான் ஓட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன குளிர்காலத்தில் இறந்துபோனாள். அலாவுதீன் அழவில்லை. அங்கேயே அடக்கம் செய்தார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். பிறகு காரை அனுப்பும் வேலையைத் தொடங்கினார்.

அந்த வேலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அது வசதியாக இருந்தது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். இங்கிலாந்துக் கார் என்பதால் இருந்தது. முன்விளக்கின் ஒளி இடப்பக்கம் சற்று உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் விழ வேண்டும். அப்போதுதான் எதிரே வருகிறவரின் கண் கூசாது, இடது ஓரமாக நடந்து போகிறவரும் தெரிவார். அதுவும் இருந்தது. வேகமானி மட்டும் மைலில் காட்டியது. மும்பையில் கார் இறங்கியதும் கிலோமீட்டருக்கு மாற்றினார். மிச்சம் இருந்தது நிரந்தரப் பதிவுக்காகச் சூலக்கரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடக்கும் ஆய்வு ஒன்றுதான். அங்கே என்ஜினை மிதிக்காமல் ஓடவிட்டுத்தான் புகையை அளப்பார்கள். ஆய்வு காலையில். இரண்டு முறை கார் அங்கேயே அணைந்துவிட்டது.

தற்காலிகப் பதிவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குப் பிறகு காரை ரோட்டில் இறக்க முடியாது. அப்படி ஆனால், தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவோம் என்று அலாவுதீனுக்குத் தெரிந்தது. அப்படித் தெரிந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது.

விருதுநகரில் அவருடைய வீட்டுச் சந்துக்குள் கார் நுழையாது. அதனால் பள்ளித் தோழன் கருப்பணனின் தகரக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். கருப்பணனுக்கு ஆமத்தூரில் நிலமும், பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஓடும் லாரிகளும் இருந்தன.

புதன்கிழமை காலையிலும் என்ஜின் அணைந்தது.

"ஏலே, டிராக்டர்ல கட்டி இழுத்துட்டுப் போவமா?" என்றார் கருப்பணன். "ஆபீசர் எந்திரிச்சு நின்னு கையெழுத்துப் போடுவாரு."

"போகலாம்."

"சிரிக்கவாவது செய்யேம்லே."

அலாவுதீன் சிரிக்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து காரின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பன்னிரண்டு இருபது காட்டியது. மும்பையில் வேகமானியை மாற்றியபோது கெட்டுப்போயிருக்கும் என்று அதுவரை விட்டுவைத்திருந்தார். கைக்கடிகாரத்தில் மணி ஏழரை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு இருபத்தொன்று ஆனது. அப்படியானால் அது கெடவில்லை, ஓடுகிறது. புதிதாக மின்சாரம் வரும்போது இந்த மாதிரிக் கடிகாரம் பன்னிரண்டிலிருந்து எண்ணத் தொடங்கும். ஏழு பத்துக்குக் காருக்குப் புதிதாக மின்சாரம் வந்திருக்கிறது.

"ஏழு மணிக்கு மேல இங்கன யாரு வந்தது?"

காபி கொண்டுவந்த கருப்பணனின் மனைவி வெள்ளைத்தாய், "நாந்தாண்ணே. பேட்டரிய மாட்டிவிட வந்தேன்" என்றாள்.

"மாட்டிவிடவா?"

"ராத்திரி கழட்டுவேன், நீங்க வர்ற முன்ன மாட்டிருவேன். லாரிக்கெல்லாம் ஸ்பேனர் போட்டுத் திருகணும். இதுல முன்னாடி டிக்கிக்குள்ள செவப்பா சுவிட்சே வச்சிருக்கான். நல்ல கம்பெனிக்காரன்!"

"எங்கிட்டச் சொல்லலையே தங்கச்சி."

"இதப் போயி சொல்லுவாகளா? பக்கத்துச் செட்டுல பட்டாசு லோடு கெடக்கு. ராத்திரி எந்த வண்டியிலயும் ஒயரு மாட்டிக் கெடக்கக் கூடாது. ஏன், சீமையில கழட்ட மாட்டாகளா?"

"கழட்ட மாட்டாக."

"எம்புட்டுத் தைரியம்!" என்றாள் வெள்ளைத்தாய்.

பழைய கார்களில் மிதியிலிருந்து ஒரு கம்பி போய் என்ஜினின் காற்றுக் கதவைத் திறக்கும். இந்தக் காரில் கம்பி இல்லை. ஒரு சிறிய மோட்டார்தான் அந்தக் கதவை அசைக்கிறது. காலை எடுத்த பிறகும் என்ஜின் அணையாமல் இருக்கக் கதவு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதைக் காரின் கணினி ஓடிப் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிறது. கற்றதைப் பேட்டரி தரும் மின்சாரத்தில்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஒவ்வோர் இரவும் வெள்ளைத்தாய் அந்த நினைவை அழித்தாள். ஒவ்வொரு காலையும் அலாவுதீன் மிதித்துக்கொண்டே ஓட்டி, அதைக் கற்கவிடாமல் செய்தார். என்ஜின் சூடேறிய பிறகு, வழியில் ரயில்வே கேட்டிலும் டீக்கடையிலும் அணைக்காமல் காலை எடுத்து நின்ற நேரங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றது. சாத்தூரிலிருந்து திரும்பும்போது சீராக ஓடியது அதனால்தான்.

இதையெல்லாம் அவர் இருவருக்கும் விளக்கினார். தானே இவ்வளவு நேரம் பேசுவதை வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டார்.

"அப்பம் இன்னைக்கு ஒரு ராத்திரி கழட்டாம விடவாண்ணே?" என்றாள் வெள்ளைத்தாய். அவளுடைய கண் பக்கத்துச் செட்டுக்குப் போய் வந்தது.

"வேண்டாம். கழட்டுங்க."

வியாழக்கிழமை சூலக்கரையில் ஆய்வாளர் காரைச் சுற்றி வந்தார். முன்விளக்கின் ஒளியைச் சுவரில் அடித்துப் பார்த்தார். புகைக்குழலில் அளவுக் குழாயைச் செருகி, "காலை எடுங்க, சும்மா ஓடட்டும்" என்றார். சும்மா ஓடியது. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். கருப்பணன் அலாவுதீனின் முதுகில் ஓங்கித் தட்டினார். அந்த அடி யார் முதுகிலோ விழுந்ததுபோல இருந்தது.

"இன்னைக்கு நீங்க செஞ்ச மாதிரி இனிமே காலையில நானே தயார் பண்ணி வைக்கேன். செய்யுறத மட்டும் சொல்லுங்க" என்று வெள்ளைத்தாய் சாயங்காலம் கேட்டாள்.

அலாவுதீன் சொன்னார். சிவப்பு சுவிட்சைப் போட வேண்டும். சாவியைப் பாதி திருப்பி, என்ஜினைக் கிளப்பாமல் ஒரு நிமிடம் விட வேண்டும். காற்றுக் கதவு மூடும் இடத்தை மோட்டார் அதற்குள் கண்டுபிடித்துவிடும். ஏசியைப் போடக் கூடாது. பிறகு கிளப்பி, ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். அதற்குப் பிறகு அணையாது.