ஹிருத் அனுப்பாத ஆட்கள்

ஹிருத் செய்ஃபு தன் கணினிக்குள் உண்டாக்கி வைத்திருந்த அறுபது கூலியாட்களும், மெஸ்கல் திருநாள் கழிந்த திங்கட்கிழமை காலை, அடிஸ் அபாபாவின் கெர்ஜிப் பகுதியில் எழும்பிக்கொண்டிருந்த எட்டு மாடிக் கட்டடத்துக்கு வேலைக்கு வந்தார்கள். மழை விட்டிருந்தது, சிமெண்டு வந்து இறங்கியிருந்தது, ஆள்தான் போதவில்லை. அதனால் மேஸ்திரி வொர்க்கு அவர்களிடம் ஊர், பேர் எதுவும் விசாரிக்கவில்லை. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே முகம். காட்டிய இடத்தில் நின்றார்கள், கொடுத்ததைச் சுமந்தார்கள். கலவை சுமக்கும் சித்தாள் அஸ்னாகெச் வறுத்த பார்லியை ஆளுக்கொரு பிடி கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் சாயங்காலம் வரை உள்ளங்கையிலேயே வைத்திருந்தார்கள்.

ஹிருத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். பாதுகாப்பு பெல்ட் இடுப்பில் இருந்தும், சாரத்தில் ஏறுகிறவன் ஏன் அதன் கொக்கியை மாட்டுவதில்லை என்பதுதான் அவள் கேள்வி. அதற்காக இதே கட்டடத்தின் கீழே பல மாதங்கள் நின்று பார்த்திருக்கிறாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் மாட்டினால் மாட்டுகிறான், அவர்கள் விட்டால் விடுகிறான், மேஸ்திரி கத்தினால் கொஞ்ச நேரம் பயந்து பிறகு மறக்கிறான். இந்தக் குணங்களைத்தான் கணினியில் இருந்த ஆட்களுக்கும் கொடுத்தாள். விழுந்தவன் எழுந்து தன் இடத்துக்குப் போக வேண்டும் என்றும் ஒரு வரி எழுதியிருந்தாள், ஆள் குறைந்தால் கணக்கு உதைக்கும் என்பதால். அவர்கள் கெர்ஜிக்கு வந்துவிட்டதைக் கேள்விப்பட்டு ஓடிவந்து பார்த்தவள், நடையை வைத்தே ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டாள். திரும்பிப் போய்க் கணினியை அணைத்தாள். மறுநாளும் அவர்கள் நேரத்துக்கு வேலைக்கு வந்தார்கள்.

வந்த முதல் வாரமே விழ ஆரம்பித்தார்கள். ஐந்தாம் மாடிச் சாரத்தின் தைலமரக் கம்பிலிருந்து வழுக்கி, செங்கல் குவியலில் விழுந்து, எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு மறுபடி ஏறினார்கள். முதல் ஆள் விழுந்தபோது சித்தாள்கள் அலறினார்கள். மாதக் கடைசியில் சத்தம் கேட்டு யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை. அதற்குள் மற்ற ஆண்களும் கொக்கி மாட்டுவதை விட்டிருந்தார்கள். அஸ்னாகெச்சின் தம்பி தெமிஸ்ஸெவ் கொத்தனார். அவன் ஆறாம் மாடியிலிருந்து விழுந்ததும் அவள் சட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். வொர்க்கு மேலே நின்றபடியே, "எழுந்துருவான், விடு. கலவை இறுகுது பாரு," என்றான். அவன் கெட்டவன் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். மதியம் இஞ்செரா அப்பத்தைப் பிரித்தவர்கள் விழுந்தவனுக்கும் ஒரு பங்கு எடுத்து மூடி வைத்தார்கள். அஸ்னாகெச் தம்பியின் முகத்தில் வெயில் விழாமல் தன் துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈ மொய்த்த பிறகுதான் வேலை நின்றது.

அடக்கம் முடிந்து அஸ்னாகெச் பல்கலைக்கழகத்துக்குப் போனாள்.

"இஞ்சினியரம்மா, உங்க ஆளுங்கள நிறுத்துங்க."

"எப்பவோ அணைச்சுட்டேன் அக்கா. அவங்க பாட்டுக்கு வர்றாங்க."

"அப்ப அவங்களுக்கும் சாவக் குடுங்க. விழுந்தவன் எழுந்திரிக்கக் கூடாது, அவ்வளவுதான். எங்க ஆம்பளைங்க அவங்களப் பாத்துத்தான் கெட்டுப்போறாங்க."

"அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது அக்கா."

"என் தம்பிக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

இவன் எப்போதும் இடது பக்கம்தான் முதலில் பார்ப்பான், அவன் மேஸ்திரியின் சத்தத்தை எல்லோருக்கும் முன்னால் மறப்பான் என்று ஹிருத் அவர்களைத் தனித்தனியாக அறிந்திருந்தாள். ஒரு வாரம் தயங்கினாள். அந்த வாரத்தில் கம்பி கட்டும் ஒருவனும் விழுந்து செத்தான். அதன்பின் கணினியைத் திறந்து, விழுந்தவன் எழ வேண்டும் என்ற அந்த வரியை அழித்தாள்.

மறுநாள் காலை அவளுடைய ஆள் ஒருவன் விழுந்து, அப்படியே கிடந்தான். ரத்தம் மணலில் ஊறியது. மேலே இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். இன்னொருவன் விழுந்தான். மூன்றாவது ஆள் விழுந்தபோது, அவன் பக்கத்தில் நின்றவன் கரண்டியை வைத்துவிட்டு இடுப்பைத் தடவிக் கொக்கியைத் தேடி மாட்டினான். அவனைப் பார்த்து அடுத்தவன் மாட்டினான். கொக்கி விழும் சத்தம் சாரம் முழுவதும் பரவி ஏறியது, மற்ற ஆண்களும் மாட்டினார்கள்.

இழவு காரியம் பார்க்கும் இதிர் சங்கத்தின் தலைவர், செத்த மூவரும் எந்தக் குடும்பம் என்று கேட்டார். "எங்க சாரத்துல செத்தவங்க," என்றாள் அஸ்னாகெச். அது போதுமானதாக இருந்தது. கூடாரம் போட்டார்கள். அறுபதில் மிஞ்சியவர்கள் வரிசையாக உட்கார்ந்து, இடமும் வலமும் பார்த்து, அழுவது எப்படி என்று கற்றுக்கொண்டு அழுதார்கள். தாமதமாகத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் யாராவது தோளைத் தொடும்வரை அவர்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஓரமாக நின்றிருந்த ஹிருத்தைப் பெண்கள் கையைப் பிடித்து அழைத்துப் போய், பெற்றவள் உட்காரும் இடத்தில் உட்கார வைத்தார்கள். அவள் மறுக்கவில்லை. அஸ்னாகெச் காபியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். ஹிருத்துக்குப் பட்டமும் கிடைத்தது. ஆண்டுதோறும் அந்த மூவர் பேரிலும் அவள் தேவாலயத்தில் ஏழைகளுக்குச் சாப்பாடு போடுகிறாள். கடைத்தெருவில் பார்க்கிற பெண்கள் வெங்காயம் பொறுக்கியபடியே, "மத்த பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்பார்கள்.

"சௌக்கியம்தான். இப்ப லெபு பக்கம் கட்டட வேலை செய்யறாங்க."

"மாடி எத்தனை?"

"பத்து."

அவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். கூலி வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிய மற்றப் பெண்களைப் போலவே, அவளும் சாயங்காலம் வேலை விடும்வரை ஃபோனைக் கையிலேயே வைத்திருப்பாள்.